கையெழுத்துப் போடாத ஆடிட்டர்

எங்கள் ஊரில் சி.ஏ., அதாவது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்றால் யாருக்கும் தெரியாது. ஆடிட்டர் என்றால் தெரியும். கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை கடைவீதி மாடியில் போர்டு மாட்டிக்கொண்டு விற்பனை வரிக் கணக்கு எழுதிக்கொடுத்தவரும் ஆடிட்டர்தான். வருடத்துக்கு ஒருமுறை மைன்ஸ் ஆபீசுக்குக் காரில் வந்து இறங்கியவரும் ஆடிட்டர்தான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனை பரீட்சை இருக்கிறது என்பது பி.காம். முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அப்பா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அதற்கப்புறம் ஊரில் பாதி ஆண்களைப் போல அவரும் விடியற்காலை ரயில் பிடித்து, பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டுக்கு வாட்ச்மேனாகப் போனார். அங்கே வருகிறவர்களை எல்லாம் நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்வதும், தானே தினமும் இன்னொரு நோட்டில் கையெழுத்துப் போடுவதும்தான் வேலை. என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "வந்தேன்னு கையெழுத்துப் போட்டுக்கினு உள்ள போற வேலை வேணாம்மா. நீ கையெழுத்துப் போட்டாதான் அடுத்தவன் வேலை நகரணும். அந்த மாதிரி எதாவது படி."

அப்படித்தான் சி.ஏ.வுக்குப் போனேன். 2018-இல் முடித்தேன். இன்று வரை ஒரு ஆடிட் ரிப்போர்ட்டில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ஒவ்வொரு முறை ரிசல்ட் வரும்போதும் ஊரிலிருந்தும், ஓசூர், வாணியம்பாடி பக்கமிருந்தும் யாராவது போன் செய்கிறார்கள். "அக்கா, சி.ஏ.வை விட்டுட்டு எம்.பி.ஏ. போலாமா?", "எம்.காம். முடிச்சா போதாதா?", "ஏசிசிஏ ஈசியாமே?" என்று கேட்கிறார்கள். ஏசிசிஏ என்பது பிரிட்டன் அமைப்பு ஒன்று தரும் கணக்காளர் தகுதி. ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் பேசுவதற்குப் பதிலாக எனக்கு நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

2011-இல் பி.காம். முடித்து, அந்த டிசம்பரில் சிபிடி நுழைவுத் தேர்வு எழுதினேன். அடுத்த ஆகஸ்டிலேயே 55 சதவீதம் வாங்கிய பி.காம். பட்டதாரிகளை நுழைவுத் தேர்வு இல்லாமல் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் வழியைத் திறந்துவிட்டார்கள். எட்டு மாதம் பொறுத்திருக்கலாமோ என்று நினைத்தேன், அவ்வளவுதான். அந்த வழி இன்றும் இருக்கிறது. டிகிரி முடித்துவிட்டு, இப்போது ஃபவுண்டேஷன் என்று பெயர் மாறிய அந்த நுழைவுத் தேர்வின் கோச்சிங்குக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

சி.ஏ.வின் அடுத்த கட்டமான இன்டரில் இரண்டு குரூப்பும் 2013 மே மாதத்தோடு முடிந்தன. அதற்குள் ஆர்டிகிள்ஷிப், அதாவது ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருடப் பயிற்சி, ஆரம்பமாகிவிட்டது. பெங்களூர் சிக்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. கீழே பட்டுக் கடை, பக்கத்தில் பாத்திரக் கடை. காலை ரயிலில் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறினால் பங்காருபேட்டை வரை உட்கார இடம் இருக்கும். மாலூர் தாண்டினால் புத்தகத்தைத் திறக்கவே முடியாது. அதனால் என் படிப்பு முழுக்க முதல் முக்கால் மணி நேரத்தில்தான். சீட்டாடுகிற கும்பல் ஒன்று தினமும் அதே பெட்டியில் வரும். "பாப்பா படிக்குது, மெதுவா ஆடுங்கடா" என்று அவர்களில் ஒருவர் அதட்டுவார். அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இறங்கினவர் அவர்.

முதல் வருடம் ஸ்டைபண்ட் மாதம் 1,500 ரூபாய். சீசன் டிக்கெட், மதியச் சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் போக மிச்சம் கிடையாது. ஆனால் அந்த மூன்று வருடத்தில் கற்றதை எந்தக் கல்லூரியிலும் கற்றிருக்க முடியாது. வவுச்சிங், அதாவது கணக்கை ரசீதோடு ஒத்துப் பார்ப்பது, என்று ஒரு பெட்டி ரசீதைக் கொடுப்பார்கள். முதல் மாதம் டிக் அடிப்பதுதான் வேலை என்று நினைத்தேன். ஆறாவது மாதம், ஒரே லாரி நம்பர் ஒரே நாளில் இரண்டு ஊருக்குச் சரக்கு ஏற்றியிருப்பதைக் கண்டுபிடித்துச் சாரிடம் காட்டினேன். அவர் கன்னடக்காரர், அதிகம் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு, "ஈக ஷுரு ஆயித்து" என்றார். இப்போதுதான் ஆரம்பம் என்று அர்த்தம். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் முடிக்க இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருப்போம். கடைசி ரயிலை விட்டுவிட்டு ஸ்ரீராமபுரத்தில் அத்தை வீட்டில் படுத்த நாட்கள் நிறைய.

ஒரு பட்டப் படிப்புக்கும் சி.ஏ.வுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். எம்.காம்.மில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, படித்தாயா என்று கேட்கிறார்கள். சி.ஏ.வில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, வேலைக்கு நடுவே நீயே கற்றுக்கொண்டு வா என்கிறார்கள். இந்த இரண்டாவது வழி எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவராதவர்கள் மட்டம் என்றும் கிடையாது.

சரி, சி.ஏ.வின் கடைசிக் கட்டமான ஃபைனலுக்கு வருகிறேன். அப்போது ஃபைனலில் எட்டுப் பேப்பர், இரண்டு குரூப். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். 2016 மே மாதம் முதல் அட்டெம்ப்ட், இரண்டு குரூப்பும் போயின. நவம்பரில் இரண்டாவது குரூப் வந்தது. முதல் குரூப் வரவில்லை, ஆனால் நிதி மேலாண்மையில் 66. அறுபதோ அதற்கு மேலோ வாங்கினால் அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டாம், அந்த மார்க்கே கூட்டிக்கொள்ளப்படும். எக்ஸெம்ப்ஷன் என்பார்கள்.

அந்த நவம்பரில் இரண்டாவது குரூப்போடு மறைமுக வரியும் தேறியது. கலால் வரி, சேவை வரி என்று விடியவிடியப் படித்தது அது. எட்டு மாதத்தில், 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. சுங்க வரி தவிர மற்றது பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்குப் போனது. சான்றிதழ் கையில் இருந்தால் போதும், காலத்துக்கும் சோறு போடும் என்று நினைக்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

2017 மே: முதல் குரூப்பில் 400-க்கு 196.

இதைச் சொல்லும்போது இன்றும் வயிற்றில் ஏதோ செய்கிறது. எந்தப் பேப்பரிலும் ஃபெயில் இல்லை. நான்கு மார்க் குறைவு. அம்மா அதை எப்படிப் புரிந்துகொள்வாள்? "எல்லாத்துலயும் பாஸ், ஆனா ஃபெயில்னா என்னாடி அர்த்தம்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. பக்கத்து லைனில் இருந்த பெண் அதற்குள் எம்.காம்., பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று கேட்பார்கள். ஐந்து வருடமாக அம்மா "ஆடிட்டருக்குப் படிக்குது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய நச்சரிப்பு தாங்காமல்தான் 2016 ஜூலையிலேயே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.காம். சேர்ந்திருந்தேன். "ஒரு பி.ஜி.யாவது கையில இருக்கட்டும்." அப்போது சி.ஏ. தேர்வு மே, நவம்பர். இக்னோ தேர்வு ஜூன், டிசம்பர். ஒன்றின் களைப்பு தீர்வதற்குள் அடுத்தது. பாதிப் பாடம் ஏற்கெனவே படித்ததுதான் என்பதால் சமாளித்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆர்டிகிள்ஷிப்பில் இருக்கும்போதே வேறு படிப்பில் சேர்ந்தால், சி.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டிடம் 112-ஆம் எண் படிவத்தில் அனுமதி வாங்க வேண்டும். நான் ஆர்டிகிள்ஷிப் முடித்த பிறகு சேர்ந்ததால் தப்பித்தேன். கூட இருந்த பையன் ஒருவன் "யாருக்குத் தெரியப்போகுது" என்று விட்டுவிட்டு, பின்னால் விளக்கக் கடிதம் மேல் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தான்.

2017 நவம்பர்: ஆடிட்டிங்கில் 38. மூன்று வருடம் ஆடிட் வேலை மட்டுமே பார்த்தவள் ஆடிட்டிங்கில் ஃபெயில். அந்த வாரம் எம்.பி.ஏ. விண்ணப்பங்களைத் தேட ஆரம்பித்தேன். விட்டுவிடலாம் என்று உண்மையாகவே முடிவு செய்திருந்தேன். அப்போது ஆர்டிகிள்ஷிப் சார் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேப்பரைப் பார்த்தாயா?"

திருத்திய விடைத்தாளின் நகலைப் பணம் கட்டிக் கேட்டு வாங்கலாம். நான் கேட்டதே இல்லை. தோற்ற பேப்பரை யார் திரும்பப் பார்ப்பார்கள்? இந்த முறை வாங்கினேன். மாரத்தஹள்ளி பாலத்துக்குக் கீழே ஆபீஸ் வண்டி நகராமல் நிற்க, மொபைலில் என் கையெழுத்தை நானே படித்தேன். ஒரு கேள்வி நினைவிருக்கிறது. கம்பெனிக்கு நஷ்டம், கடன் தவணை கட்டவில்லை, ஆனால் நிர்வாகம் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது. ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும்? சிக்பேட்டையில் இதே மாதிரி ஒரு வாடிக்கையாளரை எனக்குத் தெரியும். ஆகவே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். வங்கிக்காரரிடம் பேச வேண்டும், ஸ்டாக்கை நேரில் பார்க்க வேண்டும் என்றெல்லாம். ஒன்றும் தப்பில்லை. ஆனால் தொடர்ந்து இயங்கும் நிறுவனமா என்பதைப் பற்றிய தணிக்கைத் தரநிலை 570 என்ற எண்ணோ, அதன்படி அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்பதோ அந்தப் பக்கங்களில் எங்கும் இல்லை. ஐந்துக்கு ஒன்றரை. திருத்தியவர் மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அவ்வளவுதான் போட்டிருப்பேன்.

என் விடைகளில் கதை இருந்தது, விதி இல்லை. அடுத்த ஐந்து மாதம் நான் புதிதாக ஒரு பாடமும் படிக்கவில்லை. தெரிந்ததை மூன்று துண்டாக எழுதப் பழகினேன்: சட்டமோ தரநிலையோ என்ன சொல்கிறது, இந்தக் கேள்வியில் அது எங்கே பொருந்துகிறது, ஆகவே என்ன. ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் ஏரிக்கரை தமிழ்ச் சங்க நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். சுற்றிலும் பொன்னியின் செல்வன் படிக்கிற பெரியவர்கள், நடுவில் நான் மட்டும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பேன். 2018 மே அந்த எக்ஸெம்ப்ஷனுக்குக் கடைசித் தேர்வு. ஜூலையில் ரிசல்ட் வந்தது, தேறிவிட்டேன். அதற்கு அடுத்த மாதம் எம்.காம். ரிசல்ட்டும் வந்தது. அதைக் கொண்டாட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் கூட.

இனி வேலைப் பக்கம்.

2016 ஜூனிலேயே பெள்ளந்தூரில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கணக்கு மையத்தில் சேர்ந்துவிட்டேன். இப்படிப்பட்ட மையங்கள் பெங்களூரில் அவுட்டர் ரிங் ரோடு நெடுக இருக்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் கம்பெனிகளின் மாதாந்திரக் கணக்கை இங்கே முடித்துக் கொடுப்பார்கள். இன்டர் முடித்து ஃபைனல் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு அங்கே 'செமி குவாலிஃபைட்' என்று பெயர். மாதம் 24,000 ரூபாய், அதுவும் கான்ட்ராக்ட். தேர்வுக்கு லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள்.

எனக்கு மாதக் கடைசி வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் ஒரு அண்ணன். ரெகுலரில் எம்.காம். படித்தவர், முதல் வகுப்பு. என்னைவிட ஆறு வருடம் சீனியர். எந்த நாட்டின் கணக்கில் எந்தப் பதிவு ஏன் தொங்குகிறது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். முதல் வேலைநாளில் இதை முடி, மூன்றாம் நாள் ரீகன்சிலியேஷன், ஐந்தாம் நாள் ரிப்போர்ட் என்று எனக்கு வரிசை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். 2018-இல் நான் சி.ஏ. என்று ஆனதும் என்ன நடந்தது தெரியுமா? கான்ட்ராக்ட் போய் நிரந்தர வேலை, இரண்டரை மடங்கு சம்பளம், அவரைவிட ஒரு படி மேலான கிரேடு. ஜூலை 19-க்கும் 21-க்கும் நடுவில் எனக்கு எந்தப் புது அறிவும் வந்துவிடவில்லை. எச்.ஆர். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, அதில் இரண்டு எழுத்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ குடிக்கும்போது "கங்கிராட்ஸ்மா, இனிமே நீ அப்ரூவ் பண்ணு, நான் போஸ்ட் பண்றேன்" என்று சிரித்தார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

மேனேஜர் பதவிக்கான அறிவிப்பு வரும்போதெல்லாம் "சி.ஏ. அல்லது சி.எம்.ஏ." என்று போட்டிருக்கும். சி.எம்.ஏ. என்பது செலவுக் கணக்கு, மேலாண்மைக் கணக்குக்கான தகுதி. எம்.காம். அந்த வரியில் இருக்காது. பத்து வருட அனுபவம் அந்த வரியைத் தாண்டிப் போகவில்லை. 37 வயதில் அவர் அமெரிக்க சி.எம்.ஏ. எழுதினார். இரண்டே பாகம், ஒவ்வொன்றிலும் 500-க்கு 360 வாங்க வேண்டும். பெண்ணைத் தூங்க வைத்துவிட்டு இரவில் படித்தார். ஒன்றரை வருடம். அடுத்த முறை அறிவிப்பு வந்தபோது அவர் பெயர் பட்டியலில் இருந்தது, வேலையும் கிடைத்தது. ஏற்கெனவே செய்துகொண்டிருந்த அதே வேலைதான், இப்போது பெயர்ப் பலகையோடு. அவருக்கு எம்.காம். வீண் என்று நான் சொல்லமாட்டேன். அது அவரை உள்ளே கொண்டுவந்தது. மேலே ஏற்றவில்லை.

இதில் ஒரு குழப்பம் பலருக்கு இருக்கிறது. சி.எம்.ஏ. என்று இரண்டு உண்டு. ஒன்று கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட நம் நாட்டு இன்ஸ்டிட்யூட் தருவது. பழைய ஆட்கள் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்பார்கள். காஸ்ட் ஆடிட்டில், அதாவது உற்பத்திச் செலவுத் தணிக்கையில், கையெழுத்துப் போடும் உரிமை அதற்குத்தான். இன்னொன்று அமெரிக்காவுடையது. அதற்கு இங்கே கையெழுத்து உரிமை இல்லை, வேலைச் சந்தையில் மதிப்பு மட்டும். ஆர்டிகிள்ஷிப்பில் என்னோடு இருந்த தோழி ஒருத்தி இரண்டு முறை ஃபைனலில் தோற்றதும், யோசிக்காமல் இந்திய சி.எம்.ஏ.வுக்கு மாறினாள். சி.ஏ. இன்டர் தேறியவர்களுக்கு அங்கே ஃபவுண்டேஷன் கிடையாது. இப்போது பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் காஸ்டிங் பார்க்கிறாள். இரும்புத் தகட்டை வெட்டும்போது விழும் துண்டுக்கு என்ன விலை வைப்பது என்று மணிக்கணக்கில் பேசுவாள். நான் மெஷினையே பார்க்காத அக்கவுண்டன்ட். அவளைப் பார்த்தால் சில நாள் பொறாமையாக இருக்கும்.

எம்.பி.ஏ. கதை சித்தி மகனுடையது. பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரி, ஃபைனான்ஸ் பிரிவு, இரண்டு வருடத்துக்கு எட்டரை லட்சம். கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி அடமானம் கேட்டது. எங்கள் ஊரில் அடமானம் வைக்க என்ன இருக்கிறது? பாதிப் பேர் இருப்பது மைன்ஸ் காலத்துக் குவார்ட்டர்ஸில், பத்திரம் ஏது? ஏழரை வரை கடன் வாங்கி, மீதிக்குச் சித்தி நகையை வைத்தாள். கேம்பஸில் வேலை கிடைத்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது ஒரு வங்கியில் காப்பீடும் மியூச்சுவல் ஃபண்டும் விற்கிற வேலை. ஃபைனான்ஸ் என்ற சொல்லை நம்பிப் போனவன் டார்கெட்டில் மாட்டிக்கொண்டான். அவனுக்குப் பேசத் தெரியும், ஆகவே பிழைத்துக்கொண்டான், இன்று என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறான். கணக்கு வேலையில் மட்டும் இல்லை. ஐ.ஐ.எம். மாதிரி இடம் கிடைத்தால் கதையே வேறு, அதை யாரும் என்னிடம் கேட்க வேண்டியதில்லை. மற்ற இடங்களைப் பொறுத்தவரை நான் சொல்வது: கல்லூரி வாசலில் இருக்கும் போஸ்டரைப் பார்க்காதே. போன வருடம் ஃபைனான்ஸ் முடித்த நான்கு பேரைப் பிடித்து, "காலையில் ஆபீஸ் போனதும் என்ன செய்கிறாய்?" என்று கேள். சம்பளத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் கிடந்த என் எம்.காம். ஒரு தடவை வெளியே வந்தது. 2019-இல் ஒரு கல்லூரியில் சனிக்கிழமைகளில் கணக்குப் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். சி.ஏ. சான்றிதழைப் பெருமையாக மேசையில் வைத்தேன். அலுவலகத்தில் இருந்தவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பி.ஜி. மார்க்ஸ் கார்டு எல்லி?" என்றார். எங்கே என்று கேட்கிறார். ஃபைல் நிரம்ப அவருக்குப் பல்கலைக்கழகத்துக் காகிதம் வேண்டும். நல்லவேளை, அம்மாவின் நச்சரிப்பு அன்றைக்குப் பலித்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2021-இல், சி.ஏ., சி.எஸ். (கம்பெனி செக்ரட்டரி), ஐ.சி.டபிள்யூ.ஏ. மூன்றையும் முதுகலைக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொன்னது, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுத அது வழிவிடும். ஆனாலும் கற்பிக்கிற ஆசை இருந்தால் எம்.காம்.தான் நேர் வழி. அமெரிக்காவின் சி.ஏ. மாதிரியான சி.பி.ஏ. எழுத நினைக்கிறவர்களுக்கும் அது உதவும். அங்கே லைசென்ஸுக்கு 150 கிரெடிட் அளவு படிப்பு கேட்கும் மாநிலங்கள் உண்டு. நம் மூன்று வருட பி.காம். மட்டும் பெரும்பாலும் அதை எட்டாது, எம்.காம். சேர்ந்தால் எட்டலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், பணம் கட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "உனக்குக் கையெழுத்து வேணுமா?" என்பதுதான். கம்பெனிச் சட்டப்படி ஆடிட்டராக இருக்கவும், டாக்ஸ் ஆடிட்டில் கையெழுத்துப் போடவும் சி.ஏ. ஒன்றுதான் வழி. அதிலும் பிராக்டிஸ் செய்கிறவராக இருக்க வேண்டும். 2019-இலிருந்து ஒவ்வொரு கையெழுத்துக்கும் யுடிஐஎன் என்று எழுத்தும் எண்ணும் கலந்த 18 இட அடையாளக் குறியீடு வேறு. எந்த எம்.பி.ஏ.வும், எந்த எம்.காம்.மும், ஏசிசிஏவும் இதற்கு ஈடாகாது. சொந்தமாக ஆபீஸ் போட வேண்டும், ராபர்ட்சன்பேட்டை மாடியில் போர்டு மாட்ட வேண்டும் என்றால் ஐந்து அட்டெம்ப்ட் ஆனாலும் சி.ஏ.தான், வேறு பேச்சே இல்லை. மாதச் சம்பளத்துக்குப் போகப் போகிறாய் என்றால் அந்த உரிமை உனக்குப் பயன்படாது. சம்பளத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது. அப்போது சி.ஏ. என்பது கதவைத் திறக்கும் ஒரு சாவி. நல்ல சாவிதான், ஆனால் மற்ற சாவிகளும் உண்டு. விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த விலையைப் பணத்தில் மட்டும் பார்க்கிறார்கள், அங்கேதான் தப்பு. சி.ஏ.வுக்கு இன்ஸ்டிட்யூட்டில் நான் கட்டியது எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்கூட ஆகவில்லை. எம்.பி.ஏ.வோடு ஒப்பிட்டால் சல்லிக்காசு. ஆனால் 2016-லிருந்து 2018 வரை நான் செமி குவாலிஃபைட் சம்பளத்தில் இருந்தேனே, அந்த இரண்டு வருடத்தின் வித்தியாசத்தைக் கூட்டினால் சித்தி மகனின் கடனுக்கு மேல் வருகிறது. யாரும் அதை ஃபீஸ் என்று ரசீது போட்டுத் தருவதில்லை. இப்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப் இரண்டு வருடம், ஃபைனலில் ஆறு பேப்பர். தேர்வும் வருடத்துக்கு மூன்று முறை. நான்கு மார்க்கில் போனவள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

எத்தனை அட்டெம்ப்ட்டில் நிறுத்துவது என்றும் கேட்கிறார்கள். எண்ணிக்கை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மார்க் ஷீட்டைப் பார்ப்பேன். என் காலத்து 400 மார்க் குரூப் கணக்கில் சொன்னால், 130, 155, 178, 196 என்று ஏறிக்கொண்டு வந்தால் தொடரலாம். 160, 150, 165 என்று ஒரே இடத்தில் சுற்றினால், அதே மாதிரி இன்னொரு முறை படிப்பதில் அர்த்தம் இல்லை. படிக்கும் முறையை மாற்ற வேண்டும் அல்லது படிப்பை மாற்ற வேண்டும். விடுவதென்றால் வேலையோடு விடு. இன்டரும் ஆர்டிகிள்ஷிப்பும் முடித்தவர்களுக்கு இந்த ஊரில் வேலை இருக்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்து "முழு நேரமாகப் படிக்கிறேன்" என்று இரண்டு வருடம் ஓட்டியவர்களின் ரெசியூமேதான் என் மேசைக்கு வரும்போது சங்கடமாக இருக்கிறது. அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்க எனக்கு மனசு வராது. ஆனால் கேட்காமல் எடுக்கவும் முடியாது.

அப்பா ஒரு தீபாவளிக்கு, பெங்களூர் மர்பி டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார். மாதக் கடைசி. சாப்பிட்டுக்கொண்டே லேப்டாப்பில் வேலையாக இருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

"என்னாம்மா பண்ற?"

"அப்ரூவ் பண்றேம்பா. நான் இதை அமுக்கினாதான் அங்க அமெரிக்காவுல கணக்கு மூடும்."

"கையெழுத்து?"

"இதுல கையெழுத்து இல்லப்பா. பட்டன்தான்."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "சரி, அமுக்கு" என்றார். சமாதானமானாரா என்று தெரியவில்லை. ஊருக்குத் திரும்பும் முன் தங்கையிடம், "அக்கா தனியா ஆபீஸ் போடுமான்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு பிராக்டிஸ் சான்றிதழ் வாங்க வேண்டும், இந்த வேலையை விட வேண்டும், வாடிக்கையாளர் வர இரண்டு வருடம் ஆகும், வீட்டுக் கடன் இருக்கிறது. இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். இன்ஸ்டிட்யூட் தளத்தில் அந்த விண்ணப்பத்தை ஒருமுறை திறந்து பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.

போன வாரம் எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "அக்கா, குரூப் 2 வந்துடுச்சி. குரூப் 1 போயிடுச்சி. எம்.பி.ஏ. அப்ளிகேஷன் போட நாளைக்குக் கடைசி தேதி. போட்டுடட்டுமா?" மார்க் ஷீட்டை அனுப்பச் சொன்னேன். மற்ற இரண்டும் 55-க்கு மேல். ஆடிட்டிங் 39.

"அப்ளிகேஷன் போடறதுன்னா போடு, உன் இஷ்டம். அதுக்கு முன்னாடி அந்த ஆடிட்டிங் பேப்பரோட நகலுக்குப் பணம் கட்டு" என்றேன்.

"அதைப் பாத்து என்னாக்கா ஆவப்போவுது?"

"வந்ததும் எனக்கு அனுப்பு. ஞாயித்துக்கிழமை தமிழ்ச் சங்கத்துல இருப்பேன், ரயில் ஏறி வா. ரெண்டு பேரும் உக்காந்து படிச்சிட்டு அப்புறம் பேசலாம்."